கட்டைக்கு மேலே இரண்டு விரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது மூன்றே மூன்றுதான். மீதி எல்லாம் நானே வெட்டித் தைத்தது.

எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா, சரியாக நினைவில்லை. ஜனவரி மாதம். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மாடி வீடு. காலை ஏழரை இருக்கும். எதிர் வரிசை வீடுகளே தெரியாத பனிமூட்டம். பால் டோக்கனைத் தேடிக்கொண்டே பால்கனிக்கு வந்தவள் சும்மா கீழே எட்டிப் பார்த்தேன். கிறிஸ்துதாஸின் பழைய அம்பாசிடர் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை ஒட்டித் தரையில் ஒரு பாய். பாயில் அவர் மனைவி அக்னஸ், நர்ஸ் யூனிபார்மோடு, வெள்ளை ஷூவோடு மல்லாந்து படுத்திருந்தாள். இது ஒன்று. கிறிஸ்துதாஸ் ஜாக்கியின் கைப்பிடிக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், வாய் திறந்திருந்தது. இது இரண்டு. காரின் பின் பம்பரிலிருந்து தையல்காரர் வைத்திருக்கிற அளவு டேப் ஒன்று தொங்கியது. இது மூன்று.

அந்த வாயிலிருந்து என்ன வந்தது என்று கேட்பதற்குள் என் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் பாயைச் சுருட்டியாயிற்று, காரை இறக்கியாயிற்று, இரண்டு பேரும் உள்ளே போயாயிற்று.

எத்தனை வருஷம் ஆயிற்று. அந்த வாய் எனக்குள் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. அதை மூடத்தான் இந்தக் கதை. மூட முடியுமா, தெரியவில்லை. உட்கார்ந்து தட்ட ஆரம்பித்ததிலிருந்து நாற்காலியில் நிலைகொள்ளவில்லை எனக்கு.

2

எழுதி எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"கிறிஸ்துதாஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆனால் அந்த நவம்பர் மாதத்தில் ஒரே ஒரு—"

(வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே அவரைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது.)

"ஹைட்ராலிக் ஜாக்கி என்பது எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு பெரும் பாரத்தைத் தூக்கும் கருவி. கைப்பிடியை அடித்தால் எண்ணெய் தண்டுக்கு அடியில் போய்ச் சேரும். தண்டு மேலே வரும். எண்ணெய் திரும்பி வராமல் உள்ளே ஒரு சின்னக் குண்டு அடைத்துக்கொள்ளும்—"

(பள்ளிக்கூடப் புத்தகம். ஆனாலும் அந்தக் குண்டு நமக்கு வேண்டும். கடலை அளவு இரும்புக் குண்டு, அது தன் குழியில் சரியாக உட்கார்ந்தால் கார் நிற்கும், உட்காராவிட்டால் இறங்கும். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுங்கள்.)

"டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அக்னஸ் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கூட வராததைப் பார்த்து—"

(இது நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இதை இங்கே வைத்தால் கதையின் வயிற்றைத் திறந்து காட்டினது மாதிரி ஆகிவிடும். ஒளித்து வைக்கிறேன். நீங்கள் பார்க்காத மாதிரி இருங்கள்.)

ஒவ்வொரு ஆரம்பமும் அடிக்கும்போது ஜோராக மேலே வருகிறது. எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தரையில் கிடக்கிறது. அந்த ஜாக்கியும் இப்படித்தான் செய்ததாம்.

3

அப்படியானால் ஆளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிறிஸ்துதாஸுக்கு நாகர்கோவில் பக்கம். சர்க்காருக்குச் சாமான் வாங்கித் தருகிற ஓர் ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். லாரியோ கிரேனோ ஜாக்கியோ, வாங்குவதற்கு முன்னால் அது எப்படி எப்படி இருக்க வேண்டும் என்று பாரா பாராவாக எழுதுவது அவர் வேலை. ஜாக்கிக்கு அவர் எழுதிய குறிப்பில் ஒன்பதாவது பாராவைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை. "ஜாக்கியில் தாவர எண்ணெய் எதையும் ஊற்றலாகாது." மேலதிகாரி ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லையாம். காலனியில் யார் எதை ரிப்பேர் செய்தாலும், பக்கத்தில் போய் நின்று, "நம்ம ஒம்பதாம் பாரா என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பிப்பார். அவர் எழுத்தில் சர்க்கார் ஆயிரம் ஜாக்கியாவது வாங்கியிருக்கும். அவர் கையால் ஒன்றைத் தொட்டது, ஓய்வு பெற்றுப் போன ஓர் அதிகாரியிடம் இந்த அம்பாசிடரை வாங்கிய பிறகுதான். ஜாக்கி செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது.

அக்னஸுக்கு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. அவளுக்குத் தூத்துக்குடியா நாகர்கோவிலா என்பதில் எனக்குச் சந்தேகம். நாகர்கோவில் என்றே வைத்துக்கொள்கிறேன், இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசினால் எனக்கு எழுதச் சுலபம். குள்ளம். குரல் மட்டும் வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும். கதையை அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அவர் மனசுக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரி முதல் ஞாயிறு. காரின் சைலன்சர் கழன்று கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் போகலாம் என்றாள் அக்னஸ். "ஜாக்கிக்கே சட்டம் எழுதினவனுக்குப் பட்டறை எதுக்காக்கும்?" என்றார் அவர். காலை ஏழு மணிக்குக் காரைத் தூக்கி நிறுத்தினார். பின் அச்சுக்கு நடுவே ஜாக்கி. இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில். பாயை விரித்தார். படுக்கப்போகிற நேரத்தில், "காபி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குடித்து, பேப்பரையும் படித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. யாரும் தொடவில்லை. கார் தானாகவே, மாடு உட்காருகிற மாதிரி, உட்கார்ந்துவிட்டிருந்தது.

அக்னஸ் வாசலில் நின்று பாயைப் பார்த்தாள். அவர் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தையும், அதற்கு மேலே இப்போது இருந்த இரும்பையும் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை மெல்ல ஜன்னல் திட்டில் வைத்தாள்.

* பால்கனியிலிருந்து இதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நாங்கள் லோதி ரோடில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். ஆனால் இப்படி ஒன்று நடக்காமல் அப்புறம் அந்த டேப் தொங்காது.

4

"எண்ணெயை அடைக்குத திருகை நான் சரியா இறுக்கல, அவ்வளவுதான்," என்றார் கிறிஸ்துதாஸ்.

"செரி. இறுக்குங்க, பாப்போம். ஆனா அடியில ஆளு போகப்பிடாது."

அன்றிலிருந்து ஆரம்பித்தது அக்னஸின் வைத்தியம். ஆஸ்பத்திரியிலிருந்து பழைய காய்ச்சல் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் பின்பக்கத்தில் கோடு போட்டாள். நேரம். உயரம். பத்து நிமிஷம் கழித்து உயரம். ஆள் அடியில் உண்டா. கடைசியில், காரணம். பம்பரில் தையல் டேப்பைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டித் தொங்கவிட்டாள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுத்தாள். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. பலகை மேல் செய்தித்தாள்.

"பேப்பர் எதுக்குட்டி? ஜாக்கி வாசிக்கவா?"

"கட்டுல ரத்தம் ஊறுதான்னு பாக்குதாப்ல. வெளிய எண்ணெய் ஒழுகினா பேப்பர்ல தெரியும்."

ஒழுகவில்லை. பேப்பர் காய்ந்தே கிடந்தது. அப்படியானால் எண்ணெய் வெளியே போகவில்லை, உள்ளேயே ஏதோ ஒரு வழியில் திரும்பிப் போகிறது என்று எழுதிக்கொண்டாள். காற்று அடைத்திருக்குமோ என்று, காரை இறக்கிவிட்டு, பாரம் இல்லாமல் திருகைத் திறந்து வைத்து, இருபது தடவை கைப்பிடியை அடிக்கச் சொன்னாள். அடித்தார். மாற்றம் இல்லை.

மாசிலாமணி இதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அரக்கோணம், ரயில்வேயில் வேலை.

"இன்னா சார், காரு வளருதா கொறையுதான்னு அளக்கிறீங்களா? ஸ்கூல்ல சேக்கப் போறீங்களா?"

"அவகிட்டயே கேளும்வே. ஜாக்கிக்குக் காய்ச்சலாம். நாளைக்குக் குளுக்கோஸ் ஏத்துவா."

"ஏத்துவேன்," என்றாள் அக்னஸ், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாய்க் கொழுப்புக்கும் சேத்து."

நாலு நாள் ஓடிற்று. டியூட்டிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. சார்ட்டில் ஒரு விஷயம் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு அங்குலம் தூக்கினால் பத்து நிமிஷத்தில் ஒன்றரை அங்குலம் இறங்குகிறது. மத்தியானம், வெயிலில் கிடந்த ஜாக்கியால் தூக்கினால் இருபத்திரண்டு, இருபத்திரண்டாகவே நிற்கிறது. இப்படியும் ஒரு நோயாளி உண்டா? குளிரில் தளர்கிறான், வெயிலில் எழுந்து உட்காருகிறான்.

"குளிருல உள்ள என்னவோ கட்டியாகுது," என்றாள். "அந்தக் குண்டை உக்கார விடல. வெயில்ல கரையுது. எண்ணெயை மாத்திருவோமா?"

கிறிஸ்துதாஸ் சட்டென்று, "எண்ணெய்க்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

சொல்லும்போது அவர் கண் ஜன்னல் திட்டுக்குப் போய்விட்டு வந்தது. ஒரு கணம்தான். ஆண்கள் வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்தக் கணம் போதும். "ஒண்ணுமே குடிக்கல சிஸ்டர்," என்று சொல்கிற நோயாளியின் கண் தலையணைக்கு அடியில் போய்விட்டு வருகிற அதே கணம்.

ஜன்னல் திட்டில் இருந்தது அவளுடைய தேங்காய் எண்ணெய் பாட்டில். காலையில் வெள்ளையாக உறைந்து, மத்தியானம் வெயிலில் தண்ணீராகிற பாட்டில். டெல்லியில் நம்மவர்கள் வீட்டில் குளிர்காலத்தில் எல்லா ஜன்னலிலும் நிற்குமே, அது.

4 (மறுபடியும்)

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று நாள் மேஜைப் பக்கமே போகவில்லை.

நவம்பரில் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். அக்னஸுக்கும் அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. நவம்பரில் ஒரு ஞாயிறன்று புதுப் பாட்டில் பாதியாகிப் போயிருந்தது. "பூனை தட்டிவிட்டுட்டு," என்று அவர் சொல்லியிருந்தார். தரையில் பிசுக்கே இல்லையே என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. பூனை வந்து நக்கிவிட்டுப் போயிருக்கும் என்று அவளே அவருக்காக மீதிப் பொய்யையும் சொல்லிக்கொண்டாள். ஜாக்கியில் எண்ணெய் குறைந்திருக்கிறது, ஞாயிறு, கடை இல்லை, கண்ணெதிரே கண்ணாடி மாதிரி தெளிவாக எண்ணெய். நாளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் ஊற்றியிருப்பார். திங்கள் வந்தது, ஆபீஸ் வந்தது, நவம்பர் வெயிலில் ஜாக்கி நன்றாகவே வேலை செய்தது, மறந்துபோயிற்று. சமையலுக்கும் தலைக்கும் அடிபட்ட முழங்காலுக்கும் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற ஊர்க்காரர். ஜாக்கிக்கு மட்டும் ஊற்றமாட்டாரா?

ஆனால் ஒன்பதாம் பாரா எழுதிய கை அது.

(இங்கே ஒரு வாசகர் எழுந்து நின்று கேட்கிறார். கேட்பது எனக்குக் கேட்கிறது. "அந்தம்மா நேரா சொல்லிட்டா என்ன? 'நீங்க தேங்காயெண்ணெய் ஊத்தியிருக்கீங்க'ன்னு?")

சொல்லிப் பார்த்தேன். அதாவது, அவளைச் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவர் இல்லை என்கிறார். ஒரு தடவை இல்லை என்றுவிட்டால் அப்புறம் அந்த இல்லையைக் காப்பாற்ற அவர் எதுவும் செய்வார். அடியில் போய்ப் படுத்தே காட்டுவார். ஒன்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு வேலை செய்தார். அக்னஸ் டியூட்டி முடிந்து வந்தபோது அரைக் காலனி அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நடுவே கார் தூக்கி நின்றது. ஜாக்கி காலையிலிருந்து வெயிலில் காய்ந்திருக்கிறது என்பது அதன் மேல் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்தது. சுட்டது.

"அரை மணி நேரமாச்சு, நூல் எறங்கல," என்றார் கிறிஸ்துதாஸ் கூட்டத்தைப் பார்த்து. "வியாதி டாக்டரம்மாவுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அக்னஸைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நானே சைலன்சரைக் கட்டிருவேன்," என்றார் கிறிஸ்துதாஸ்.

"ஏன் ஏழு மணி? மத்தியானம் செய்யுங்களேன்."

"ஒம்பது மணியானா எல்லாரும் வெயில் காய வெளிய வந்திருவான். செக்‌ஷன் ஆபீசர் பாயில படுத்துக் கெடக்கதை வேடிக்கை பாக்கவா?"

பாருங்கள், இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கூச்சம் அவரைக் கொண்டுபோய் விடுகிற நேரம், ஜாக்கி ஏமாற்றுகிற அதே நேரம்.

அன்று சாயங்காலம் அக்னஸ் மாசிலாமணி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் வீட்டுப் பெரிய ட்ரங்க் பெட்டிகளுக்கு அடியில் ரயில் ஸ்லீப்பர் கட்டைத் துண்டுகள் கிடப்பது காலனி முழுக்கத் தெரியும்.

"அண்ணே, நாலு கட்டை வேணும். இல்லாட்டி செங்கல் அடுக்கிக்கிடுதேன்."

"செங்கல்லா? அத்த மட்டும் செய்யாதம்மா. செங்கல்லு சொல்லாம கொள்ளாம நொறுங்கும். கட்டை அப்டி இல்ல, மொதல்ல முனகும். ஆளு வெளிய வர நேரம் குடுக்கும்." பெட்டியை அவரே நகர்த்தினார். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விரிசல் இல்லாத நாலை எடுத்துக் கொடுத்தார். "சாருக்குத் தெரியுமா?"

"தெரியாண்டாம்."

"அதானே பாத்தேன்," என்றார் மாசிலாமணி. வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது, கதையில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

6

இனிமேல் முடிவுதான். என்னிடம் இரண்டு இருந்தன. காட்டிவிடுகிறேன்.

முதல் முடிவு: வெள்ளிக்கிழமையே அவர் ஆபீஸ் போனதும் அக்னஸ் ஜாக்கியின் ரப்பர் மூடியைத் திறந்து கவிழ்க்கிறாள். மெழுகு மாதிரி வெள்ளைக் கட்டிகள் விழுகின்றன. கழுவிவிட்டு, பெட்ரோல் பங்கில் சரியான எண்ணெய் டப்பா வாங்கி ஊற்றிவைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி இரும்புத் தூணாக நிற்கிறது. "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்லா," என்கிறார் அவர். அவளும் "ஆமா," என்கிறாள்.

இதுதான் புத்திசாலித்தனம், நிஜ வாழ்க்கையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்யச் சொல்லுவேன். கதையாகத் தட்டி முடித்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். தரையில் கிடந்தது. எண்ணெய் மாறிவிட்டது, பொய் உள்ளேயே கெட்டியாக இருக்கிறது. அடுத்த வருஷம் வேறெதிலாவது போய் அடைக்கும்.

இரண்டாவது முடிவு: கார் அவர் மேல்—

இல்லை. எழுதமாட்டேன். ஒரு காரை முதல் பக்கத்தில் தூக்கி நிறுத்திவிட்டால் கடைசிப் பக்கத்தில் அது யார் மேலாவது விழ வேண்டும் என்று நீங்கள் காத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இந்தக் கதையில் அடியில் ஒருவரையும் நான் அனுப்பப் போவதில்லை. அக்னஸின் சட்டம்தான் எனக்கும்.

ஆனால் நான் பார்த்த பாய் இருக்கிறதே. அதில் படுத்திருந்தது அவர் இல்லையே, அவள் ஆயிற்றே. பொறுப்பான ஒரு நர்ஸ் அங்கே எதற்குப் படுத்தாள்? அங்கே வந்துதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சரி, ஞாயிற்றுக்கிழமைக்கே போய்ப் பார்த்துவிடுவோம்.

7

மூட்டம். ஏழு மணி. அக்னஸுக்கு எட்டரைக்கு டியூட்டி, யூனிபார்ம் போட்டாயிற்று. கிறிஸ்துதாஸ் கைப்பிடியை அடித்தார். முதல் ஐந்தாறு அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் முனகிக்கொண்டே கார் எழுந்தது. இருபத்திரண்டு. கைப்பிடிக் கம்பியை உருவி எடுத்தார்.

"ஸ்பேனர் எங்க?"

"உள்ள, மேசை டிராயர்ல," என்றாள். டிராயரில் இல்லை. அது அவளுடைய கைப்பையில் இருந்தது.

அவர் தேடுகிற நேரத்தில் அக்னஸ் சுவரோரம் சாக்குக்குள் இருந்த கட்டைகளை எடுத்தாள். தலையை நீட்டாமல், கையை மட்டும் நீட்டி, பலகைத் துண்டால் தள்ளித் தள்ளி, அச்சுக்கு அடியில் வலது சக்கரத்துக்கு உள்பக்கம் இரண்டு, இடது சக்கரத்துக்கு உள்பக்கம் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக. ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. கட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதற்கு மேல் கார் இறங்க முடியாது. நின்று பார்க்கிறவருக்குச் சக்கரம் மறைக்கும், மிச்சத்தைக் காருக்கு அடியில் இருக்கிற இருட்டு மறைக்கும்.

கட்டை கொடுத்த மாசிலாமணியை விட்டால், இப்போது இது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, எனக்கு, உங்களுக்கு.

"டிராயர்ல இல்லியே," என்று அவர் வந்தார்.

"எங்கிட்டத்தான் இருக்கு." ஸ்பேனரைக் காட்டினாள். "ஒங்க கை பெருசு, சைலன்சர் பக்கத்துல நுழையாது. நான் போறேன் அடியில."

"வெளையாடாத, இங்க கொண்டா அதை."

"வெளையாட்டு என்ன? அரை மணி நேரம் நூல் எறங்கலன்னு ஊர்கூட்டிக் காட்டினியள்லா. எண்ணெய்க்கு ஒண்ணும் இல்லன்னும் சொன்னிய. பொறவு என்ன பயம்?"

பாயில் உட்கார்ந்தாள். படுத்தாள். மல்லாந்து, காரை ஒட்டி. தலை இன்னும் வெளியேதான் இருக்கிறது. நான் உள்ளே விடவில்லை, அவளும் போக நினைக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.

"அக்னஸு, எந்திரி."

"எந்திரிக்கேன். சார்ட்டை எழுதிட்டு எந்திரிக்கேன். கடைசிக் கட்டம் ஒரு வாரமா காலியாக் கெடக்கு."

"என்ன கட்டம்?"

"காரணம்."

டேப் லேசாக அசைந்தது. தரையைத் தொடுகிற இடத்தில் இருபத்திரண்டு காட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒரு நூல் குறைவாகக் காட்டியது. அவர் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குது. வெளிய வா, எறங்குதுட்டி!"

"எறங்கட்டு. ஏன் எறங்குது?"

குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். நோயாளியைப் புரட்டிப் போடத் தெரிந்தவள், இழுபடாமல் இருக்கவும் தெரிந்தவள். அசையவில்லை. அவர் நிமிர்ந்தார். அவர் கண் ஜன்னல் திட்டுக்குப் போயிற்று. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. அங்கே பாட்டில் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது.

8

இரண்டு விரல் இடைவெளி. பத்து நிமிஷத்துக்கு ஒன்றரை அங்குலம் என்றால், கார் கட்டையில் உட்கார ஒரு பத்து நிமிஷம். அவளுக்கு ஆபத்து இல்லை, அதற்கு நான் பொறுப்பு, மாசிலாமணியின் கட்டை பொறுப்பு. அவருக்குத்தான் ஆபத்து. கட்டையில் அச்சு போய் முட்டுகிற சத்தம் வந்துவிட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துபோகும். அவள் பத்திரமாக இருந்தாள் என்று தெரியும். அவர் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை என்றும் தெரியும். அப்புறம் எப்போதுமே திறக்கமாட்டார். அதற்கு முன்னாலேயே, அந்த இரண்டு விரல் முடிவதற்குள்ளேயே, அவர் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் பாரா எழுதிய மனிதர், தன் மனைவியின் காதில் படும்படி.

அவர் வாயைத் திறக்கிறார். இதைத்தான் நான் பார்த்தேன்.

இங்கேதான் எனக்குக் குக்கர் விசில் அடித்தது.

அவர் சொன்னதாக நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதார், பொருந்தவில்லை. ஒன்றில் மறுபடியும் பூனையைச் சொன்னார். அதைத் தட்டும்போது கை கூசிற்று, ஆனால் அப்படி நடந்திருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அந்த வருஷம் முழுக்க அவர் ஒன்பதாம் பாராவைப் பற்றிப் பேசினாரா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை. நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்போது குக்கர் விசில் அடிக்கவில்லையே? அப்படியானால் நீங்கள் பால்கனியிலேயே நில்லுங்கள். குளிரும், சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வையுங்கள். சார்ட் பாயின் தலைமாட்டில் கிடக்கிறது, பென்சில் அதன் மேலேயே இருக்கிறது.

ஞாயிறு, காலை 7.20
உயரம்: 22
பத்து நிமிஷம் கழித்து: இன்னும் ஆகவில்லை
ஆள் அடியில்: இல்லை
காரணம்: